எல்லாருக்கும் ஒரே மொபைல் நம்பர்! ஃபார்மில் வரும் எண்ணை சர்வர் எப்படிச் சோதிக்கணும்?

இந்த இதழில் வெப் ஃபார்மில் வரும் எண்களை சர்வர் பக்கம் எப்படிச் சரிபார்ப்பது என்று பார்க்கப் போறோம். "இதுல என்னப்பா இருக்கு, ஒரு இஃப் போட்டா முடிஞ்சது"னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அதனால முதலில் என்னுடைய சொந்த சொதப்பல் ஒன்றைச் சொல்லிடறேன்.

மூன்றாம் ஆண்டில் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வெப்சைட் எழுதும் வேலை என்கிட்ட வந்தது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், ரெண்டு நைட். பெயர், கல்லூரி, டீமில் எத்தனை பேர், மொபைல் நம்பர், இமெயில். இவ்வளவுதான் ஃபார்ம். நானே நாலஞ்சு தடவை நிரப்பிப் பார்த்தேன், எல்லாம் சரியா சேவ் ஆச்சு. லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம், டீம்கள் வர ஆரம்பிச்சாங்க.

நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை. வியாழன் மதியத்திலிருந்து விடாத மழை. ராத்திரி எட்டு மணிக்கு மறுநாள் கல்லூரிகளுக்கு விடுமுறைன்னு அறிவிப்பு. "வெளியூர் டீம் எல்லாம் கிளம்புறதுக்குள்ள போன் போட்டுச் சொல்லிடுங்கப்பா"ன்னார் எங்க ஹெச்ஓடி. சரி சார்னு லேப்டாப்பைத் திறந்து டேபிளைப் பார்த்தேன். முதல் டீமின் மொபைல் நம்பர் 2147483647. இரண்டாவது டீமுக்கும் 2147483647. மூன்றாவதுக்கும் அதே. கடைசி வரிசை வரை ஸ்க்ரோல் பண்ணேன். அத்தனை பேருக்கும் ஒரே நம்பர்!

இமெயில் அனுப்பினோம். தெரிந்த நண்பர்கள் வழியா சில கல்லூரிகளுக்குச் சொன்னோம். ஆனா கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து ஒரு டீம், நாலு பேர், அதற்குள் பஸ் ஏறிட்டாங்க. ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, விடியற்காலை வேலப்பன்சாவடியில் இறங்கி, முழங்கால் அளவு தண்ணியில் நூம்பல் வந்து, பூட்டின கேட் முன்னாடி நின்னாங்க. வாட்ச்மேன் அண்ணா சாருக்குப் போன் போட, சார் எனக்குப் போட்டார். நான் போய்ச் சேரும்போது மணி ஆறு. டீக்கடையில் நின்னுக்கிட்டிருந்த அந்த டீமில் ஒரு பொண்ணு கேட்டாங்க: "அண்ணா, ஃபார்ம்ல ஸ்டார் போட்டு மொபைல் நம்பர் கட்டாயம்னு கேட்டீங்களே... ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

என்கிட்ட பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதறேன்.

அந்த 2147483647 எங்கிருந்து வந்தது?

டேபிள் உருவாக்கும்போது மொபைல் நம்பர் காலத்துக்கு 'இன்ட்(10)' என்று போட்டிருந்தேன். பத்து இலக்கம் பிடிக்கும்னு நினைப்பு. தப்பு. மைஎஸ்க்யூஎல்லில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 10 என்பது காட்டும்போது எவ்வளவு அகலம் என்பதற்கான குறிப்பு மட்டும்தான். இன்ட் என்றால் எப்போதுமே 32 பிட். அதில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விட்டால் மிச்சம் 31 பிட். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 2-இன் 31-வது அடுக்கில் ஒன்று குறைவு. அதாவது 2147483647.

நம்ம நாட்டு மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். பத்து இலக்க எண் 6-இல் தொடங்கினாலே 600 கோடிக்கு மேல். இன்ட்டின் உச்சவரம்போ சுமார் 214 கோடி. ஆக, ஒரு இந்திய மொபைல் நம்பர்கூட அந்தக் காலத்தில் அடங்காது. குறி இல்லாத 'அன்சைன்ட் இன்ட்' போட்டிருந்தாலும் உச்சம் 4294967295 தான். அதுவும் பத்தாது.

அப்போ டேட்டாபேஸ் ஏன் எரர் காட்டவில்லை? எங்க சர்வரில் ஸ்ட்ரிக்ட் மோட் ஆஃப் ஆகி இருந்தது. அந்த நிலையில் வரம்பு மீறிய எண் வந்தால், மைஎஸ்க்யூஎல் அதை வரம்பின் விளிம்புக்கு வெட்டி, ஒரு வார்னிங்கை மட்டும் பதிவு செய்துவிட்டு, சேவ் ஆகிவிட்டது என்று சொல்லிவிடும். 5.7 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிக்ட் மோட் இயல்பாகவே ஆன். ஆனாலும் பழைய ஹோஸ்டிங்கிலோ, யாரோ மாற்றி வைத்த செட்டிங்கிலோ அது ஆஃப் ஆகி இருக்கலாம்.

இன்னொரு கேள்வி: நான் டெஸ்ட் பண்ணேனே, அப்போ ஏன் தெரியவில்லை? நான் கொடுத்த டெஸ்ட் நம்பர் 1234567890. அது 214 கோடிக்குக் கீழே! சமர்த்தாக சேவ் ஆகிவிட்டது. நாம எல்லாரும் கை பழக்கத்தில் அடிக்கும் அந்த ஒரு நம்பரே என் பிழையை மறைத்துவிட்டது.

இந்த 214 கோடி வரம்பில் பெரிய ஆட்களும் இடித்திருக்கிறார்கள். 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வைகள் இந்த எண்ணைத் தாண்டப் போக, கவுன்டரை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதாக யூடியூப் அறிவித்தது. அவங்க முன்கூட்டியே பார்த்தாங்க. நான் கேட் முன்னாடி பார்த்தேன்.

கேள்வி 1: இது உண்மையிலேயே எண்தானா?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. இலக்கங்களால் ஆனது எல்லாம் எண் இல்லை. ஒரு சின்ன சோதனை: இரண்டு மொபைல் நம்பரைக் கூட்டினால் ஏதாவது அர்த்தம் வருமா? வராது. பின்கோடுகளுக்குச் சராசரி போட முடியுமா? நூம்பலுக்கு 600077. அதைப் பக்கத்து ஊர் பின்கோடோடு கூட்டி இரண்டால் வகுத்தால் நடுவில் ஓர் ஊர் வராது. கூட்ட, கழிக்க, ஒப்பிட அர்த்தம் இல்லாதது எண் அல்ல. அது இலக்கங்களால் எழுதிய ஒரு பெயர். அதை டெக்ஸ்ட்டாகத்தான் வைக்கணும்.

டெக்ஸ்ட்டாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யமும் பிழைக்கும். சென்னை எஸ்டிடி கோடு 044-ஐ இன்ட்டாக மாற்றினால் 44 ஆகிவிடும்.

டெக்ஸ்ட்டாக வைக்கிறோம் என்றால் சோதனையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. சோதனையின் வகைதான் மாறுகிறது. மொபைல் நம்பர்: சரியாகப் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. பின்கோடு: சரியாக ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யம் இல்லை. ஆதார்: பன்னிரண்டு இலக்கம், தொடக்கம் 0 அல்லது 1 இல்லை. ஆதாரின் கடைசி இலக்கம் 'வெர்ஹூஃப்' என்ற முறையில் மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலோ அது கண்டுபிடித்துவிடும். (ஆனா சிம்போசியம் ஃபார்முக்கு ஆதார் நம்பர் எதுக்குங்க? தேவை இல்லாததை வாங்கவே வாங்காதீங்க.)

கூட்டக் கழிக்க அர்த்தமுள்ளவை எவை? டீமில் எத்தனை பேர், மதிப்பெண், கட்டணம், வயது. இவைதான் எண்கள். இனி வருவதெல்லாம் இவற்றுக்கு.

கேள்வி 2: ஃபார்மில் செக் போட்டுட்டேனே, போதாதா?

போதாது. ஹெச்டிஎம்எல்லில் 'டைப் நம்பர்' போட்டு, குறைந்தபட்சம் 1, அதிகபட்சம் 4 என்று எழுதலாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னும் அழகாகச் சிவப்பு எழுத்தில் பிழை காட்டலாம். இதெல்லாம் நல்லதுதான். தப்பாக அடித்தவருக்கு உடனே தெரிந்துவிடும், சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அது பயனருக்கு நாம் செய்யும் உதவி. பாதுகாப்பு இல்லை.

ஏன் என்றால் அந்த ஃபார்ம் ஓடுவது நம்ம மெஷினில் இல்லை, அவங்க மெஷினில். பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து அந்த 'அதிகபட்சம் 4' என்பதை அழித்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? பத்து விநாடி. போஸ்ட்மேன் வைத்திருப்பவருக்கு நம்ம ஃபார்மே தேவையில்லை, நேராக சர்வருக்கே அனுப்பலாம். ஹேக்கர்தான் வரணும்னு இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் பாதியில் லோட் ஆகி நின்றுபோன ஒரு சாதாரண போனிலிருந்தும் கண்டபடி டேட்டா வரலாம். ஆகவே பிரவுசரில் செய்த அத்தனை சோதனையையும் சர்வரில் மறுபடி செய்தே ஆகணும், ஃபார்ம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு.

கேள்வி 3: டெக்ஸ்ட்டை எண்ணாக மாற்றும்போது என்ன நடக்கிறது?

ஃபார்மிலிருந்து சர்வருக்கு வருவது எப்போதும் டெக்ஸ்ட்தான். '4' என்று வருவது நான்கு இல்லை, நான்கு என்ற எழுத்து. அதை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் பெரும்பாலான குழிகள் இருக்கின்றன. மொழிக்கு மொழி குழி வேறு.

முதல் குழி, காலி இடம். பயனர் ஒன்றும் நிரப்பாமல் அனுப்பினால் ஜாவாஸ்கிரிப்ட்டின் 'நம்பர்' ஃபங்ஷன் அதை 0 ஆக்கிவிடும். பிஎச்பியில் இன்ட்டாக மாற்றினாலும் 0 தான். "பதில் சொல்லவில்லை" என்பதும் "பூஜ்யம்" என்பதும் ஒன்றா? லேப் தேர்வுக்கு வராதவருக்கும் பூஜ்யம் வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா! எனவே காலியா என்பதை மாற்றுவதற்கு முன்பே தனியாகப் பார்த்துவிடணும்.

இரண்டாவது குழி, நம்ம ஊர் கமா. ஒருவர் ஒரு லட்சத்தை ரொம்ப ஒழுங்காக 1,00,000 என்று அடிக்கிறார். ஜாவாஸ்கிரிப்ட்டின் 'பார்ஸ்இன்ட்' முதல் கமாவில் நின்றுவிடும். கிடைப்பது 1. பிஎச்பியின் இன்ட் மாற்றமும் அதே 1 தான். ஒரு லட்சம் ஒரு ரூபாயாகிவிட்டது, எரர் எதுவும் இல்லை! பைத்தானின் 'இன்ட்' நேர்மையாக எரர் கொடுத்துவிடும். இதே மாதிரி '12 பேர்' என்று அடித்தால் பார்ஸ்இன்ட் 12-ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். பார்க்க உதவி மாதிரி இருக்கும். ஆனால் பயனர் அடித்தது ஒன்று, நாம் சேமித்தது வேறொன்று.

மூன்றாவது குழி, எண் மாதிரி தெரியாத எண். 1, அடுத்து ஆங்கில ஈ எழுத்து, அடுத்து 5 என்று அடித்தால் அது அறிவியல் குறியீட்டில் ஒரு லட்சம். பிஎச்பியின் 'இஸ்_நியூமெரிக்' இதை எண் என்று ஒப்புக்கொள்ளும். மூன்று எழுத்துக்கு மேல் அடிக்க முடியாது என்று நீளத்தை வைத்து வரம்பு போட்டவர்கள் யோசித்துக்கொள்ளணும். 9, ஈ, 9 என்ற மூன்றே எழுத்தில் 900 கோடி வந்துவிடும்.

நான்காவது குழி நம்ம மொழியிலேயே இருக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. தமிழ் இலக்கங்கள் ௧, ௨, ௩ எல்லாம் யூனிகோடில் முறையான இலக்கங்கள். பைத்தானில் 'இன்ட்' ஃபங்ஷனுக்கு ௧௨ என்று கொடுத்துப் பாருங்க. சமர்த்தாக 12 என்று சொல்லும். ஜாவாவின் 'பார்ஸ்இன்ட்'டும் ஏற்றுக்கொள்ளும். பெருமைதான்! ஆனா நம்ம பழைய முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டே? பைத்தானின் 'இஸ்நியூமெரிக்' அவற்றைப் பார்த்து "ஆமா, எண்தான்" என்று சொல்லும். அதை நம்பி 'இன்ட்'டுக்குக் கொடுத்தால் புரோகிராம் எரரில் விழும். சோதனை ஒன்றை எண் என்கிறது, மாற்றும் ஃபங்ஷன் வேறொன்றை எண் என்கிறது. இந்த இடைவெளியில்தான் கிராஷ் வருகிறது.

பைத்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'பேக்ஸ்லாஷ் டி' போட்டாலும் தமிழ் இலக்கம் பாஸ் ஆகும். மொபைல் நம்பருக்கு அதைப் போட்டால் தமிழ் இலக்கத்தில் அடித்த நம்பர் டேபிளில் அப்படியே உட்காரும். அப்புறம் எஸ்எம்எஸ் அனுப்பும் சர்வீஸ் அதைப் பார்த்து முழிக்கும். எந்த இலக்கங்களை ஏற்கப் போகிறோம் என்பதை நாமே 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக எழுதிவிடுவதுதான் நல்லது. தமிழ் இலக்கத்தையும் ஏற்கணும்னு ஆசைப்பட்டால் முதலில் 0 முதல் 9-க்கு மாற்றிவிட்டு, பிறகு சோதியுங்க.

மாற்றுவதற்கு முன் நீளத்தையும் பார்த்துவிடுங்க. ஒருவர் ஒரு லட்சம் இலக்கம் உள்ள எண்ணை அனுப்பினால்? அவ்வளவு நீள டெக்ஸ்ட்டை எண்ணாக மாற்றவே சர்வருக்கு ஏகப்பட்ட நேரம் பிடிக்கும். இதை வைத்து சர்வரைத் திணறடிக்க முடியும் என்பதால் 2022-இல் பைத்தான், 4300 இலக்கத்துக்கு மேல் மாற்ற மாட்டேன் என்று ஒரு வரம்பே கொண்டுவந்தது. டீமில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இரண்டு இலக்கம் தாண்டினாலே திருப்பி அனுப்பிடலாம்.

கேள்வி 4: எண் சரி, எல்லைக்குள் இருக்கா?

சரி, முழு எண்ணாக மாற்றியாச்சு. இப்போ வரம்பு. இங்கே எல்லாரும் மேல் வரம்பை ஞாபகம் வைப்பாங்க, கீழ் வரம்பை மறந்துடுவாங்க. கேன்டீன் ஆர்டர் ஆப்பில் பிரியாணி 2, தோசை மைனஸ் 3 என்று ஒருவர் அனுப்பினால் பில் என்ன ஆகும்? நாமதான் அவருக்குப் பணம் தரணும்!

பூஜ்யமும் அப்படித்தான். 1997 செப்டம்பர் 21 அன்று அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. கப்பல் ஊழியர் ஒருவர் டேட்டாபேஸின் ஒரு கட்டத்தில் 0 என்று பதிவு செய்தார். அந்தப் பூஜ்யத்தால் எங்கோ ஒரு வகுத்தல் நடந்து, பிழை நெட்வொர்க் முழுக்கப் பரவி, கப்பலின் உந்துவிசையே நின்றுபோனது. சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் போர்க்கப்பல் கடலில் சும்மா நின்றது. 0 என்பது எண்தான், முழு எண்தான். அந்தக் கட்டத்துக்கு மட்டும் ஆகாத எண்.

தசம எண்களில் இன்னொரு கள்ளன் இருக்கான். 'நாட் எ நம்பர்' என்ற மதிப்பின் சுருக்கமான மூன்று ஆங்கில எழுத்தை அப்படியே ஃபார்மில் அடித்து அனுப்பினால், பைத்தானின் 'ஃப்ளோட்' அதை ஏற்றுக்கொள்ளும். இப்போது நீங்கள் "மதிப்பெண் 0-க்குக் கீழே இருந்தாலோ 100-க்கு மேலே இருந்தாலோ நிராகரி" என்று எழுதியிருக்கீங்கன்னு வைப்போம். இந்த ஆசாமி 0-க்குக் கீழேயா? இல்லை. 100-க்கு மேலேயா? அதுவும் இல்லை. பெரிதா, சிறிதா என்ற எந்த ஒப்பீட்டுக்கும் அவன் பதில் 'இல்லை'தான். ஆக, உள்ளே வந்துவிடுவான். அப்புறம் வகுப்பு சராசரியே 'நாட் எ நம்பர்' ஆகிவிடும்.

மருந்து ரொம்ப சுலபம். கண்டிஷனைத் திருப்பி எழுதுங்க: "0 அல்லது அதற்கு மேல், 100 அல்லது அதற்குக் கீழ் என்று இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள், மற்ற எல்லாவற்றையும் நிராகரி." கெட்டவர்களின் பட்டியல் போட்டால் எவனாவது விட்டுப்போவான். நல்லவர்களின் பட்டியல் போட்டால் யாரும் தப்ப முடியாது.

பணத்துக்கு ஃப்ளோட்டே வேண்டாம். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் கம்ப்யூட்டரில் 0.30000000000000004 வரும் கதை தெரிந்ததுதானே. ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்க. ரேஸர்பே போன்ற பேமென்ட் சேவைகளும் தொகையைப் பைசாவில்தான் கேட்கின்றன. 250 ரூபாய்க்கு 25000 என்று அனுப்பணும்.

கேள்வி 5: எண் சரி, எல்லை சரி. அர்த்தம் சரியா?

இதுதான் கஷ்டமான கேள்வி. 2012 அக்டோபர் 5 காலையில் தேசிய பங்குச் சந்தையில் நிஃப்டி சில விநாடிகளில் சுமார் 15 சதவீதம் சரிந்து, வர்த்தகம் சுமார் 15 நிமிடம் நின்றது. எம்கே குளோபல் என்ற தரகு நிறுவனத்திலிருந்து தவறுதலாக வந்த 59 ஆர்டர்கள், 650 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட வர்த்தகம். ரூபாய் மதிப்பைப் போட வேண்டிய எண் பங்குகளின் எண்ணிக்கையாகப் போய்விட்டதுதான் காரணம். எந்த மார்க்கெட் நிலவரமும் இல்லை.

இதற்கு முன்பே 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் இதே கூத்து. மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியவர், 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு என்று அடித்துவிட்டார். திரையில் வார்னிங் வந்தது. தினமும் வரும் வார்னிங்தானே என்று தாண்டிப் போய்விட்டார். ஆர்டரை ரத்து செய்யப் பார்த்தபோது சந்தையின் கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென்.

இதில் கவனிங்க: 6,10,000 என்பதும் முழு எண், 1 என்பதும் முழு எண். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தப்பில்லை. ஆனால் அந்த கம்பெனி மொத்தமாக வெளியிட்டிருந்ததே சுமார் 14,500 பங்குகள்தான். இல்லாத பங்கை எப்படி விற்பது? இந்த விவரம் ஃபார்முக்குத் தெரியாது. சர்வருக்குத் தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் பிடித்திருக்கலாம்.

நம்ம ப்ராஜெக்ட்டுக்கு இதை இறக்கிப் பார்ப்போம். பொறியியல் கலந்தாய்வு கட்-ஆஃப் கணக்கிடும் ஆப் எழுதறீங்க. கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. பயனர் மதிப்பெண்ணையும் அனுப்பி, அவரே கணக்கிட்ட கட்-ஆஃபையும் அனுப்பினால், இரண்டாவதை வாங்கவே வாங்காதீங்க. சர்வரே கணக்கிடட்டும். அதே மாதிரி சிம்போசியம் கட்டணம்: தலைக்கு இவ்வளவு, நாலு பேர், மொத்தம் இவ்வளவு என்று மறைவான ஃபீல்டில் தொகையை அனுப்பி அதையே வசூலித்தால், டெவலப்பர் டூல்ஸ் தெரிந்தவர் ஒரு ரூபாயில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். எத்தனை பேர் என்பதை மட்டும் வாங்குங்க. விலை நம்ம டேபிளிலிருந்து வரட்டும். சர்வருக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணைப் பயனரிடம் கேட்காதே. இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

தப்பான எண்ணை என்ன செய்வது?

என் கதைக்குத் திரும்புவோம். டேட்டாபேஸ் எனக்குச் செய்தது துரோகம் இல்லை, 'உதவி'. எண் அடங்கவில்லை, அதனால் அடங்கும் அளவுக்கு வெட்டிக் கொடுத்தது. அந்த உதவிதான் கிருஷ்ணகிரி டீமை மழையில் நிறுத்தியது. அன்றைக்கு ஃபார்ம் ஒரு எரர் காட்டி நின்றிருந்தால், முதல் டீம் ரெஜிஸ்டர் பண்ணும்போதே எனக்கு வாட்ஸ்அப்பில் திட்டு வந்திருக்கும். பத்து நிமிடத்தில் சரி செய்திருப்பேன். காலியான கட்டத்தைப் பார்த்தால் காலி என்று தெரியும். தப்பான எண் நிரம்பிய கட்டம் சரியானது மாதிரியே தெரியும். அதனால்தான் தேவைப்படும் நாள் வரை யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே சத்தமில்லாமல் திருத்தாதீங்க, நிராகரிங்க. 105 வந்தால் 100 ஆக்காதீங்க. மைனஸ் 3 வந்தால் 3 ஆக்காதீங்க. முன்னும் பின்னும் இருக்கும் ஸ்பேஸை நீக்குவது போன்ற, அர்த்தம் மாறவே மாறாத திருத்தம் மட்டும் ஓகே.

நிராகரிக்கும்போது மனுஷங்க மாதிரி பேசுங்க. "தவறான உள்ளீடு" என்றால் யாருக்கு என்ன புரியும்? "டீமில் 1 முதல் 4 பேர் வரை இருக்கலாம். நீங்கள் 40 என்று கொடுத்திருக்கிறீர்கள்" என்று சொன்னால் ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்று அவருக்கே தெரியும். அவர் நிரப்பிய மற்ற கட்டங்களை அழித்துவிடாமல் அப்படியே திருப்பிக் கொடுங்க. எல்லாப் பிழையையும் ஒரே தடவையில் காட்டுங்க. ஒன்றைத் திருத்தி அனுப்பினால் அடுத்தது என்று இழுத்தடிச்சா, நாலாவது தடவை அவர் டேபை மூடிட்டுப் போயிடுவார்.

கடைசிக் கதவு டேட்டாபேஸ். ஸ்ட்ரிக்ட் மோட் ஆன் ஆகி இருக்கா என்று பாருங்க. காலத்தின் வகை சரியா என்று பாருங்க. 'செக்' கட்டுப்பாடு போடுங்க. மைஎஸ்க்யூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் 'செக்' எழுதினால் வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்பதையும் ஞாபகம் வையுங்க. எண்தானே என்று நினைத்து அதை க்வெரி டெக்ஸ்ட்டில் ஒட்டி அனுப்பாதீங்க, 'பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்' வழியாகவே அனுப்புங்க.

இன்றைக்கே செய்து பாருங்க

உங்க மினி ப்ராஜெக்ட்டில் எண் வாங்கும் ஒரு ஃபார்மைத் திறந்து, ஒரே கட்டத்தில் ஒவ்வொன்றாக இவற்றை அனுப்புங்க. பிரவுசர் விடவில்லை என்றால் போஸ்ட்மேன் வழியாக:

1. ஒன்றுமே இல்லாமல் காலியாக
2. 0
3. மைனஸ் 1
4. 2.5
5. 1,00,000
6. 12 பேர்
7. ௧௨
8. 9876543210
9. உங்க மேல் வரம்பு, அதோடு ஒன்று கூட்டியது

ஒவ்வொன்றுக்கும் டேபிளில் போய் என்ன உட்கார்ந்திருக்கு என்று கண்ணால் பாருங்க. ஸ்கிரீனில் "சக்ஸஸ்" என்று வந்ததை நம்பாதீங்க, எனக்கும் அப்படித்தான் வந்தது. ஒன்பதில் எத்தனை தப்பாக உள்ளே போச்சு என்று எழுதி அனுப்புங்க, அடுத்த இதழில் பெயர் போடாமல் பேசுவோம்.

அடுத்த வருஷ சிம்போசியத்துக்கு ஜூனியர்ஸ் வெப்சைட்டை எழுதினாங்க. மொபைல் நம்பர் இப்போ டெக்ஸ்ட் காலம், பத்து இலக்கம், 6 முதல் 9-இல் தொடக்கம், மூன்று இடத்தில் சோதனை. நான் ஒரே ஒரு வேலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். லிங்க் போட்ட அன்று ராத்திரி, ரெஜிஸ்டர் பண்ண முதல் டீமின் நம்பரை டேபிளிலிருந்து பார்த்து டயல் பண்ணேன். ரிங் போச்சு. "ஹலோ, யாருங்க?"ன்னாங்க. "ஒண்ணுமில்லப்பா, நம்பர் சரியா விழுந்திருக்கான்னு பார்த்தேன்"னு சொல்லி வைத்தேன்.